ஜெனிக்குக் கிடைத்த எட்டாம் கட்டளை

“எட்டாம் கட்டளை எதைப் பத்தினது?”

கேட்டுவிட்டு ஹெப்சிபா டீச்சர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பப் போனாள். கேட்டவளுக்கும் பதில் தெரியும், சொல்லப்போகிறவளுக்கும் தெரியும். ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில்.

“களவைப் பத்தினது டீச்சர்,” என்றாள் ஜெனி.

ஹெப்சிபா அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளை தடுமாறவில்லை. அடுத்தவர் பொருளைத் தொடாதே என்பதில் தொடங்கி, அதைக் காப்பாற்றிக் கொடுப்பதும் நம் கடமை என்பது வரை, களவைப் பற்றிய விளக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. பிசகியது எண் மட்டும்தான். வேதத்தின் பத்துக் கட்டளைகளில் களவு ஏழாவது. எட்டாவது பொய்ச்சாட்சி.

ஊரில் இருக்கிற வேறு சில புராட்டஸ்டண்ட் சபைகளில் எட்டாவது களவுதான். விக்கிரகம் கூடாது என்பதை அவர்கள் தனியாக இரண்டாம் கட்டளை என்று எண்ணுவார்கள். பின்னால் வருவதெல்லாம் ஒரு படி இறங்கிவிடும். லுத்தரன் ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் பாடத்தில் அது முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிப்போகும். இரண்டு பக்கமும் பத்துதான், எண்ணுகிற விதம்தான் வேறு. லுத்தரன் கோயிலில் ஞானோபதேசம் படித்து வளர்ந்தவர்களைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஏழு ஏழாகத்தான் வரும், எட்டு எட்டாகத்தான் வரும்.

ஒரு வருடமாக அப்படித்தான் ஜெனிக்கும் வந்துகொண்டிருந்தது.

“மத்தவங்க எல்லாரும் பத்து நிமிசம் வெளிய போயிட்டு வாங்க. ஜெனி, நீ மட்டும் இரு,” என்றாள் ஹெப்சிபா.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூட நடந்து வருகிறவர்களுக்கு இவர்களுக்குள் இருக்கும் பகையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஹெப்சிபாவின் கணவர் ஆசீர்வாதம் இதே ‘நம்பிக்கை’ லுத்தரன் உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். விளையாட்டு விழா அன்று அவர் குடித்துவிட்டு வந்தார் என்று ஒரு புகார் கிளம்பியது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டறியாத மனிதர். ஆனாலும், “பக்கத்துல நின்னேன், வாடை அடிச்சது” என்று பள்ளி ஆட்சிமன்றத்துக்கு முன்னால் வேதபுத்தகத்தில் கை வைத்துச் சாட்சி சொன்னவன் அந்நியன் அல்ல. ஆசீர்வாதத்தின் கூடப்பிறந்த தங்கை ராணியைக் கட்டிய ஜெரால்ட். மைத்துனனே சொல்லும்போது யார் நம்பமாட்டார்கள்? ஆசீர்வாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழங்காநத்தத்து வாடகை வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கோயில் வாசலை மிதிப்பதில்லை. ஜெரால்ட் கே.கே. நகரில் வீடு கட்டி, பள்ளியின் தாளாளராக உட்கார்ந்திருக்கிறான்.

ஜெனி அந்த ஜெரால்டின் மகள். ஹெப்சிபாவிடம்தான் ஒன்பதாம் வகுப்பில் வேதபாடம் படிக்கிறாள்.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஒன்பதாம் வகுப்பு லுத்தரன் பிள்ளைகள் வருட முடிவில் திடப்படுத்தல் பெற்று, சபையின் முழு உறுப்பினராகி, முதல் நற்கருணை வாங்குவார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளி வளாகத்துக் கோயிலில், சபை மொத்தமும் கூடியிருக்க, வேதபாட டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேள்வி என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவார்கள், சபைக்கு முன்னால் யாரும் கூசி நிற்கக் கூடாது என்று. கொடுத்த கேள்வியைப் பிறகு மாற்றவும் கூடாது. அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான்.

ஜெனிக்கு ஹெப்சிபா கொடுத்தது எட்டாம் கட்டளை. வேண்டுமென்றேதான் கொடுத்தாள். பொய்ச்சாட்சி சொல்லி அடுத்தவன் பெயரைக் கெடுப்பது எப்பேர்ப்பட்ட பாவம் என்று, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜெரால்ட் தான் பெற்ற மகள் வாயாலேயே கேட்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. சின்ன ஆசைதான். ஊசியால் ஒரு குத்து.

இப்போது அவள் கையில் யாரோ அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தது போல இருந்தது.

“எட்டாவது களவுன்னு யாரு சொல்லிக் குடுத்தது?”

“அப்பா.” வகுப்பில் ஆள் இல்லாததால் ஜெனி, டீச்சரை விட்டு அத்தைக்கு மாறினாள். “நீங்க எண்ணை மாத்தி நடத்துறீங்கன்னு சொல்றாங்க அத்த. எங்க வீட்டு மேல உள்ள கோவத்துல, சபைக்கு முன்னாடி என்னய அசிங்கப்படுத்தணும்னு வேணும்னே தப்பா சொல்லிக் குடுக்குறீங்களாம். பொய்ச்சாட்சின்னு நான் ஒப்பிச்சதும் அப்பாவுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. இது எட்டே கெடையாது, ஒங்க அத்தை எனக்குன்னு எடுத்து வச்சிருக்கான்னு சொன்னாங்க.”

“அப்பாவுக்கு எப்படி அம்புட்டு நிச்சயமாத் தெரியுமாம்?”

“சின்ன வயசுல ஊர் கோயில்ல மனப்பாடம் பண்ணுனதாம். எட்டு களவுதான்னு அடிச்சுச் சொல்றாங்க.”

ஹெப்சிபா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

தாளாளர் நாற்காலியில் உட்காருகிறவர் லுத்தரன் சபையில் ஞானோபதேசம் படித்துத் திடப்படுத்தல் பெற்றவராக இருக்கவேண்டும். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற சட்டம் இது. எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு லுத்தரன் கோயிலில் தனக்கு எல்லாம் நடந்தது என்றும், அந்தக் கோயில் இடிந்துபோய் அந்தக் காலத்து மனிதர்களும் இறந்துபோனார்கள் என்றும் ஜெரால்ட் சத்தியம் செய்து சொல்லித்தான் அந்த நாற்காலியில் ஏறினான். ஹெப்சிபாவுக்கு அப்போதே சந்தேகம். நிரூபிக்க வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து லுத்தரன் கோயிலுக்குத்தான் வருகிறான், பாட்டுப் பாடுகிறான், காணிக்கை எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யாரும் கட்டளைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

குற்றமுள்ள நெஞ்சு அவனையே எண்ண வைத்துவிட்டது.

“எனக்கு ஒண்ணும் புரியல அத்த,” என்றாள் ஜெனி. கண் கலங்கியிருந்தது. “எது சரின்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் அதையே சொல்லிர்றேன். அப்பா திட்டினாலும் பரவால்ல.”

திருத்துவதற்கு ஒரு வார்த்தை போதும். வகுப்பில் தப்பான விடையைத் தாண்டிப்போனது கிடையாது ஹெப்சிபா. திக்குகிற பிள்ளைக்குக் கூடப் பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள். வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் விளையாட்டு விழா மேடையும், அதிலிருந்து ஆசீர்வாதம் ஒற்றை ஆளாக இறங்கி வெயிலில் நடந்து போனதும் வந்து அடைத்துக்கொண்டன.

“அப்பா சொன்னபடியே சொல்லு,” என்றாள்.

“அப்ப அப்பா சொன்னது சரியா?”

“தாய் தகப்பன் சொல்லைக் கேக்கணும்னுதான நாலாம் கட்டளை சொல்லுது.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா எண்ணுகிற கணக்கில் அது ஐந்தாவது. பிள்ளை கண்டுபிடித்துவிடுமோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். ஜெனி கண்டுபிடித்த மாதிரித் தெரியவில்லை. தலையிலிருந்து சுமையை யாரோ இறக்கி வைத்தது போல மூச்சு விட்டுவிட்டு, “தேங்க்ஸ் அத்த” என்று வெளியே ஓடினாள்.

பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். வேதபாட நேரத்தில் இந்துப் பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வைத்துத் தமிழ்வாணி டீச்சர் நன்னெறி வகுப்பு எடுப்பாள். இன்றைக்கு வகுப்பு இல்லை. பரீட்சைத் தாள் திருத்த வந்திருந்தாள். பேனாவை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

தனக்குக் கட்டளையும் தெரியாது எண்ணும் தெரியாது, ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு எட்டு என்றால் பொய்ச்சாட்சி என்று தனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது என்றாள் தமிழ்வாணி. இப்போது காதில் விழுந்தது வேறாக இருக்கிறதே என்றாள்.

ஹெப்சிபா மறைக்கவில்லை. ஜெரால்ட் எந்தக் கோயிலில் படித்தவன் என்பது இன்று சாயங்காலம் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னாள்.

“ஜெரால்ட் சாரை அடிக்கணுமா, அடிங்க டீச்சர். நானும் ஒரு கை குடுக்குறேன். அந்தப் பிள்ளைய எதுக்குக் கம்பா எடுக்குறீங்க?”

“என் வீட்டுக்காரரை அவன் எந்தக் கம்பால அடிச்சான் தமிழு? வேதபுத்தகத்தால அடிச்சான். அதுக்கு மேலயா நான் எடுத்துட்டேன்?”

“வேதபுத்தகத்துக்கு வலிக்காது. பிள்ளைக்கு வலிக்கும்.”

“ஒரு சாயங்காலம் வலிக்கும். எங்களுக்கு வருசக் கணக்கா வலிக்குது.”

தமிழ்வாணி பேனாவை மறுபடி திறந்துகொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். தாள் திருத்துகிற சத்தம் மட்டும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மதியம் ஹெப்சிபா வீட்டுக்கு வந்தபோது ஆசீர்வாதம் வெள்ளைச் சட்டையை மேசையில் விரித்துப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரை எப்படியாவது சாயங்காலம் கோயிலுக்கு இழுத்து வரவேண்டும், அந்தக் காட்சியை அவர் கண்ணால் பார்க்கவேண்டும் என்று பேருந்தில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

ஜெனி போன் செய்தாளாம். மாமா வராவிட்டால் நான் சபை முன்னால் நிற்கமாட்டேன் என்று சொன்னாளாம். தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு ஒரு நல்ல காரியம் நடக்கலாமா என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். பிள்ளை சொல்றதைக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்துர்றேன்,” என்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “என்ன, வாசல்ல நிறுத்தி வாயை ஊதச் சொல்லாம இருக்கணும்,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. இத்தனை நாளில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததே இதுதான் முதல் தடவை.

காலையில் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஹெப்சிபாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் அவர் அடுத்த நிமிடமே போனை எடுத்து ஜெனியைக் கூப்பிட்டு, எட்டாவது பொய்ச்சாட்சிம்மா என்று திருத்திவிடுவார். அவர் அப்படிப்பட்ட வாத்தியார். அதனால்தான் அவரை அடிப்பது ஜெரால்டுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

“ஜெரால்ட் மூஞ்சில முழிக்கணுமேன்னுதான் இருக்கு,” என்றார் ஆசீர்வாதம்.

“இன்னைக்கு நல்லாப் பாருங்க,” என்றாள் அவள். “கண்ணாடியைத் தொடச்சுட்டு வாங்க.”

அவர் என்ன என்பது போலப் பார்த்தார். அவள் சோறு போட அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் கோயில் நிரம்பியிருந்தது. பெண்கள் பக்கம் மல்லிகை வாசம். பலிபீடத்துப் படியில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். ஜெரால்ட் வீடியோ எடுக்க ஆள் வைத்திருந்தான். விளக்கும் கையுமாக ஒருவர் நடுவழியில் நின்று எல்லோர் கண்ணையும் கூசவைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஆட்சிமன்றத்தார் உட்கார்ந்திருக்க, அவர்களை வரவேற்பது போல ஜெரால்ட் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான்.

“வாங்க தங்கச்சி,” என்றான் ஹெப்சிபாவைப் பார்த்து. “கேள்வியெல்லாம் குடுத்தபடிதான?”

“குடுத்தபடிதான் அண்ணே. ஒண்ணும் மாத்தல.”

“நல்லது. நாங்களும் தயாராத்தான் வந்திருக்கோம்.” அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிற்று. குரலைத் தணித்தான். “மச்சான் வந்திருக்காரு போல. தெளிவாத்தான இருக்காரு?”

காலையிலிருந்து ஹெப்சிபாவுக்குள் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டது. ஒரு வேளை பிள்ளை முகத்தைப் பார்த்ததும் மனம் இளகி, கடைசி நேரத்தில் சாடை காட்டித் திருத்தியிருப்பாளோ என்னவோ. இனி இல்லை.

“உக்காருங்க அண்ணே. எல்லாருக்கும் தெளிஞ்சுரும்,” என்றாள்.

சபைப் போதகரான ஐயர் ஜெபம் செய்தார். பாட்டு முடிந்தது. ஹெப்சிபா படியோரம் போய் நின்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாள். ஞானஸ்நானம் பற்றி ஒருவன், நற்கருணை பற்றி ஒருத்தி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் மூன்றாம் விண்ணப்பம் பற்றி ஒருவன். எல்லோரும் ஒழுங்காகச் சொன்னார்கள். தாய்மார்கள் கைக்குட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“ஜெனி. எட்டாம் கட்டளை எதைப் பற்றியது? விளக்கத்தோடு சொல்.”

ஜெனி தகப்பனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அத்தையைப் பார்த்தாள். அத்தை பலிபீடத்து விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டாவது கட்டளை களவைப் பற்றியது,” என்று கணீரென்று தொடங்கி, கடைசி வார்த்தை வரை நிறுத்தாமல் சொன்னாள்.

கோயிலில் ஓர் அசைவு. காற்று மாறினால் மரம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடுமே, அப்படி. பெண்கள் பக்கம் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வரிசையில் நின்ற பையன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினான். ஜெனியின் காது சிவந்தது.

ஐயர் நல்ல மனிதர். பதறவேண்டாம், நிதானமாக யோசித்துச் சொல்லம்மா என்று தணிவாகச் சொன்னார். ஜெனி மறுபடியும் அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை தன் கன்னத்தில் பட்டது ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

“களவு,” என்றாள் ஜெனி, இந்தத் தடவை சின்னக் குரலில்.

“அது ஏழாவதும்மா,” என்றார் ஐயர்.

அப்போதுதான் ஜெரால்ட் எழுந்தான். எழுந்திருக்காமல் இருந்திருந்தால், பிள்ளை பதற்றத்தில் மறந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹெப்சிபாவின் நெஞ்சு காலையிலிருந்து அஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான். அவன் எழுந்துவிட்டான்.

“ஐயரே, பிள்ளை சொன்னதுதான் சரி,” என்றான். “தப்பு டீச்சர் மேல. எங்க குடும்பத்து மேல உள்ள வன்மத்துல எண்ணை மாத்தி நடத்தியிருக்காங்க. நல்ல வேளை, நான் கவனிச்சுத் திருத்துனேன். எட்டு களவுதான். நான் சின்னப் பிள்ளையில படிச்சது. இப்பவும் பத்தையும் வரிசையாச் சொல்லுவேன்.”

வீடியோக்காரர் விளக்கை அவன் பக்கம் திருப்பினார்.

முன்வரிசையிலிருந்து ஆட்சிமன்றத் தலைவர் ஞானமுத்து மெல்லக் கேட்டார். “எந்தக் கோயில்ல படிச்சீங்க ஜெரால்ட்?”

“சொல்லியிருக்கேனே ஐயா. எங்க ஊர்ல. எழுமலைக்கு அங்கிட்டு.”

“லுத்தரன் கோயில்னுல்ல சொன்னீங்க.”

“ஆமா, லுத்தரன் கோயில்தான்.”

பெரியவர் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, ஏழாவது எது என்று கேட்டார். “களவு” என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். பெண்கள் பக்கம் நாலைந்து கிழவிகளும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். எட்டாவது எது என்று கேட்டார். கோயிலே சொல்லிற்று.

“லுத்தரன் கோயில் எதுலயும் எட்டு களவு கிடையாது தம்பி,” என்றார் ஞானமுத்து. “வேற சபையில படிச்சது தப்பில்ல. அதை மறைச்சுச் சத்தியம் பண்ணுனீங்க பாருங்க, அதுதான்.”

ஜெரால்டின் வாய் அசைந்தது. விரல்கள் கோட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒன்று இரண்டு என்று தாமாகவே எண்ணிக்கொண்டிருந்ததை ஹெப்சிபா பார்த்தாள். எத்தனை தடவை எண்ணினாலும் அவனுக்கு அது எட்டிலேயே போய் நின்றது. மனைவி ராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஆசீர்வாதம் எழுந்து நின்றிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக, நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அடிவயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் ஹெப்சிபாவுக்கு இனித்தது.

ஐயர் கடமைக்காக அவளைக் கேட்டார், பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் டீச்சர் என்று.

“எட்டு பொய்ச்சாட்சின்னுதான் ஐயரே. ஒரு வருசமா,” என்றாள்.

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லி முடித்ததும்தான் ஜெனியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. ஏதோ ஒன்றை மெல்ல எடுத்துப் பார்த்து, அது இன்னதென்று தெரிந்துகொண்டது போல நின்றாள். காலையில் சொன்னதை இவள் இங்கே உடைத்தால் என்ன செய்வது என்று ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

“டீச்சர் சரியாத்தான் நடத்துனாங்க,” என்றாள் ஜெனி. “நான்தான் குழப்பிக்கிட்டேன்.”

ஐயர் ஆசி கூறிக் கூட்டத்தை அனுப்பி வைத்தார். ஆனால் யாரும் போகவில்லை. வேப்பமரத்தடியில் கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஞானமுத்து நேராக ஆசீர்வாதத்திடம் போய்க் கையைப் பிடித்தார். திங்கட்கிழமை ஆட்சிமன்றம் கூடும், நீங்களும் வரவேண்டும், இந்தச் சத்தியம் பொய் என்றால் அன்றைக்கு உங்களைப் பற்றி இவர் செய்த சத்தியத்தையும் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். இத்தனை நாளாக அவரைக் கண்டால் தெரு மாறிப் போனவர்கள் எல்லாம் வந்து, சார், சார் என்று சூழ்ந்துகொண்டார்கள்.

ஜெரால்ட் கார் கதவைத் திறக்கச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். எல்லாப் பையிலும் தேடினான். ஹெப்சிபா அவன் பக்கத்தில் போய் நின்றாள். இதைச் செய்யாமல் போயிருக்கலாம். செய்யாமல் போக அவளால் முடியவில்லை.

“அண்ணே, தெளிவாத்தான இருக்கீங்க? வண்டி ஓட்டிருவீங்கல்ல?”

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை ஆயுசுக்கும் வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் வகுப்பறைப் பக்கம் நடந்தாள். அவள் கைப்பை அங்கே இருந்தது.

அங்கே ஜெனியும் இருந்தாள். காலையில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில், வெள்ளை உடுப்போடு.

“காலையிலேயே உங்களுக்குத் தெரியும்ல அத்த?”

தெரியாது என்று சொல்ல வார்த்தை வந்தது. பிள்ளையின் கண் அதை அனுமதிக்கவில்லை.

“தெரியும்.”

“நாலாம் கட்டளைன்னு சொன்னீங்க. வீட்டுக்குப் போகையில பஸ்லயே யோசிச்சேன். அப்பா கணக்குல அது அஞ்சு. அப்பவே எனக்குத் திக்குனு இருந்துச்சு. ஆனா அத்தை அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.”

ஹெப்சிபா அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். ஜெனி நகர்ந்து இடம் விடவில்லை.

தன் தகப்பன் பொய்ச்சாட்சி சொன்னது தனக்கு முன்பே தெரியும் என்றாள் ஜெனி. அம்மா ஒரு நாள் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாளாம். அதனால்தான் அப்பா ஒன்று சொல்ல அத்தை ஒன்று சொன்னபோது, அத்தையிடம் வந்து கேட்டாளாம். குடும்பத்தில் பொய் சொல்லாத ஆள் அத்தை ஒருத்திதான் என்று நம்பினாளாம்.

“உங்க அப்பா மாமாவுக்குச் செஞ்சது உனக்குத் தெரியும்ங்கிற. அப்ப நான் ஏன் செஞ்சேன்னும் உனக்குத் தெரியும்.”

“தெரியும் அத்த. அங்க வச்சு உங்களக் காட்டிக் குடுத்திருக்கலாம். எல்லார் முன்னாடியும் உங்கள அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரல.” நிறுத்தினாள். “உங்களுக்கு வந்துச்சு.”

வெளியே வேப்பமரத்தடியில் ஆசீர்வாதத்தின் குரல் கேட்டது. யாரிடமோ சத்தமாக, பழைய தலைமையாசிரியர் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

“மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்க,” என்றாள் ஜெனி. “நாளைக்குக் காலைல கோயில்ல மொத மணி அடிக்கிறதுக்குள்ள. சொல்லாட்டி நான் திடப்படுத்தலுக்கு வர மாட்டேன். திங்கக்கிழமை அந்தக் கூட்டத்துக்கு வருவேன். வந்து சொல்லுவேன்.”

“சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எல்லாம் நான் பண்ணுன சதின்னு சொல்லி உங்க அப்பா தப்பிச்சுக்குவாரு. மாமா மறுபடியும் தலை குனிஞ்சு நிப்பாரு.”

“மாமா எதுக்குக் குனியணும்? நீங்கதான் குனியணும்.”

குரல் ஏறவே இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை. ஒரு கணம் ஹெப்சிபாவுக்கு எதிரில் இருப்பது ஜெனியா, இல்லை ஒரு மாதத்துக்கு முன்னால் கேள்வியைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்த தானேதானா என்று தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. ஆசீர்வாதம். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. முகம் பத்து வயது குறைந்திருந்தது.

“என்ன, அத்தையும் மருமகளும் இங்க வந்து உக்காந்துட்டீங்க? அங்க எல்லாரும் தேடுறாங்க. பிள்ளை என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்லங்க,” என்றாள் ஹெப்சிபா. “பசிக்குதாம்.”

“அம்புட்டுத்தான? வா ஜெனி, மாமா பருத்திப்பால் வாங்கித் தாரேன். இன்னைக்கு நீ என்ன கேட்டாலும் உண்டு.”

ஜெனி எழுந்திருக்கவில்லை. அத்தையையே பார்த்தாள்.

“எனக்குப் பசிக்கல மாமா,” என்றாள்.

ஆசீர்வாதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் யாரை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று, தலைமையாசிரியராக இருந்தவருக்குத் தெரியாதா? அவர் ஜெனியைக் கேட்கவில்லை. கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்து, நிதானமாகப் போட்டுக்கொண்டு, மனைவியின் பக்கம் திரும்பினார்.

“என்ன ஹெப்சி?” என்றார்.